பத்து எண்ணும் வரை

பிள்ளைகளின் பயத்தைப் போக்கியவள் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. இன்ஸ்பெக்டர் தன் கைப்பட விசிட் புத்தகத்தில் எழுதிவைத்துவிட்டுப் போன பெயர். அந்தப் புத்தகம் பள்ளிக்கூட அலமாரியில் இன்னும் எங்காவது கிடக்கும். நான் அதைத் திறந்து பார்க்கப்போவதில்லை. என் இடது கை தோளுக்கு மேலே எழும்பாது. கொண்டை போட்டுவிட இன்னொருத்தர் வேண்டும். தினமும் காலையில் அந்த நேரத்துக்கு என் புகழ் முழுவதும் தானாகவே ஞாபகம் வந்துவிடும்.

ஐம்பத்திமூன்றாம் வருஷம். வலியசாலைக்குப் பக்கத்தில், சாலைக் கடைத்தெரு வியாபாரிகள் சேர்ந்து நடத்திய பெண் பள்ளிக்கூடம் எங்களுடையது. மலையாளப் பிரிவு பெரியது. தமிழ்ப் பிரிவு வகுப்புக்கு ஒன்றாக ஒட்டிக்கொண்டிருந்தது. அதில் ஐந்தாம் வகுப்பு என் கையில். கோட்டாற்றுக்காரியான எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. வடிவாம்பாள் என்ற பெயரைவிட 'அந்தக் கோவக்கார ஸார்' என்றால் பிள்ளைகளுக்குச் சட்டென்று விளங்கும். எங்கள் பக்கத்தில் வாத்தியார் ஆணானாலும் பெண்ணானாலும் பிள்ளைகளுக்கு 'ஸார்'தான்.

ஜூன் மாத இடவப்பாதி மழை பிடித்த இரண்டாவது வாரம் தையல் கொட்டகையின் கூரை விழுந்தது. சாயங்காலம் வீட்டுக்கு விடும் மணி அடித்த அதே நிமிஷம். உள்ளே இருந்தது என் வகுப்புப் பிள்ளைகள், கூடத் தையல் டீச்சர் எலிசாள். நான் அந்த நேரம் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். நாலு பிள்ளைகளுக்குக் காயம். எலிசாளின் வலது கால் முறிந்தது. ஜெயபாய் என்ற பிள்ளை செத்துப்போயிற்று. பத்து வயது. முன்பல் இரண்டுக்கும் நடுவே இடைவெளி இருக்கும், அதன் வழியாக விசில் அடிப்பாள். அதற்காக அவளை அதற்கு முந்தின நாள்தான் பெஞ்சுமேல் ஏற்றி நிறுத்தியிருந்தேன்.

மூன்று வாரம் பள்ளிக்கூடத்தைப் பூட்டினார்கள். பிறகு ஒரு கணபதி ஹோமம் நடந்தது. எலிசாளின் சபையிலிருந்து ஒரு போதகர் வந்து ஜெபம் செய்தார். மானேஜர் கோமதிநாயகம் பிள்ளை ஒரு ஓவர்சியரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் என் வகுப்பு நடக்கும் பழைய ஹாலின் உத்தரத்தைக் குடைக்கம்பியால் இரண்டு இடத்தில் தட்டிப் பார்த்துவிட்டு, கட்டடம் பத்திரம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த ஹாலும் விழுந்த கொட்டகையும் ஒரே வருஷம், ஒரே தச்சன், ஒரே லோடு மரத்தில் கட்டியவை. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்த விஷயத்தை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

திறந்த அன்று காலை பியூன் நெல்லையப்பன் வழக்கம்போலத் தண்டவாளத் துண்டில் முதல் மணி அடித்தான். என் வகுப்பில் முப்பத்தியேழு பிள்ளைகள். அத்தனையும் ஒரே கூச்சலில் எழுந்து ஜன்னல் வழியாக வெளியே குதித்தன. இரண்டு பேருக்குக் கால் பிசகியது. ஒருத்தி மட்டும் ஓடவில்லை. விஜயம். பெஞ்சுக்கு அடியில் சுருண்டுகிடந்தாள், பாவாடை நனைந்திருந்தது. ஜெயபாய்க்குப் பக்கத்தில் உட்காருகிறவள் அவள்.

அன்று சாயங்காலமே ஹெட்மிஸ்ட்ரஸ் நாகலக்ஷ்மி அம்மாள் என்னைக் கூப்பிட்டார். அவர் அழுதிருந்தது கண்ணில் தெரிந்தது. நல்ல மனுஷி. அதை இப்போதும் சொல்வேன்.

“வடிவு, கொழந்தைகள் இப்படி இருந்தா பெத்தவா டி.சி. வாங்கிண்டு போயிடுவா. முப்பதுக்குக் கீழே போனா டிவிஷனையே எடுத்துடுவா. அப்பறம் தமிழ்ப் பிரிவே இருக்காது.”

“நான் என்ன செய்யணும்மா?”

“மறக்கப் பண்ணணும். அந்தக் கொழந்தை பேரை இங்க யாரும் எடுக்கப்படாது. அந்த நாளைப் பத்திப் பேச்சே கூடாது. டீச்சர்களும்தான். நீ கொஞ்சம் கண்டிப்பு, உன்னாலதான் ஆகும்.”

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. புது ஹாஜர் புத்தகம் போட்டோம். எங்கள் வழக்கம், பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, நம்பர்தான். பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வரிசைப்படி பதினாலாம் நம்பர் ஜெயபாய். அவளை எடுத்தபோது பின்னால் இருந்தவர்கள் எல்லாம் ஒரு படி முன்னால் வந்தார்கள். மறுநாள் “பதினாலு” என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டேன்.

“அது எனக்க நம்பர் இல்ல ஸாரே” என்றாள் விஜயம்.

“இனிமே உனக்க நம்பர்தான். சொல்லு.”

“ஹாஜர் ஸாரே.”

நான் கணக்கு டீச்சர். பயத்துக்கும் ஒரு கணக்குப் போட்டேன். மணி அடித்தால் யாரும் எழக்கூடாது. கையைப் பெஞ்சுமேல் வைத்து, கண்ணை மூடி, ஒன்றிலிருந்து பத்து வரை எல்லோரும் சேர்ந்து எண்ண வேண்டும். ஒரு எண்ணுக்கு ஒரு மூச்சு. பத்து முடிந்ததும் நான் “சபாஷ்” என்பேன். அதற்குப் பிறகுதான் கண்ணைத் திறக்கலாம். சரியாகச் செய்தவளுக்கு ஒரு துண்டு கற்கண்டு. என் செலவில்தான். விஜயத்துக்கு மட்டும் ஒரு சலுகை கொடுத்தேன். மணிச்சத்தம் அவளை ஆட்டிவைத்ததால், காதில் விரலை அடைத்துக்கொண்டு எண்ணலாம்.

முதல் வாரம் எண்ணிக்கை மூன்றைத் தாண்டவில்லை, அதற்குள் அழுகை. இரண்டாவது வாரம் ஏழு வரை வந்தார்கள். விஜயம் இடையில் ஒருநாள் என் மேஜைக்கு வந்து நின்றாள். அவள் பெஞ்சு நடு உத்தரத்துக்கு நேர் கீழே இருந்தது.

“ஸாரே, மேல என்னமோ கறுமுறுன்னு கடிக்கி.”

“எலியா இருக்கும் மக்ளே.”

“எலி இல்ல ஸாரே. எலி ஓடும்லா? இது ஒரே எடத்துல இருந்து கடிக்கி. தையல் கிளாஸ்லயும்...”

“அத நாம பேசப்பிடாது, சொல்லியிருக்கேன் அல்லே? பேடிக்கப் பேடிக்கப் பயம் வளரும். போயி இரி.”

நான் தலையை உயர்த்தக்கூட இல்லை. நான் மேலே பார்த்தால் பிள்ளைகளும் பார்க்கும், பார்த்தால் பழைய பயம் வரும் என்று எண்ணினேன். அன்று முதல் அதையும் ஒரு விதியாக்கினேன்: வகுப்பில் யாரும் மேலே பார்க்கக் கூடாது. விஜயம் திரும்பிப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள். பிறகு அவள் அந்தச் சத்தத்தைப் பற்றிப் பேசவே இல்லை. குணமாகிவிட்டாள் என்று நான் சந்தோஷப்பட்டேன்.

பழக்கம் உறுதிப்பட்டதா என்று சோதிக்க வேண்டுமே. ஆவணியில் ஒருநாள் நேரமில்லாத நேரத்தில் மணியடிக்கச் சொல்லிவிட்டு, வாசலில் நின்று கதவைத் தடதடவென்று தட்டி, “ஓடுங்க, எல்லாரும் வெளிய ஓடுங்க!” என்று கத்தினேன். ஆறு பேர் எழுந்து ஓடிவந்தார்கள். அவர்களுக்குக் கற்கண்டு கிடையாது என்றேன். அடுத்த வாரம் அதே சோதனை. ஒருத்திகூட அசையவில்லை. மூடிய கண்ணோடு, உதட்டில் சிரிப்பை அடக்கிக்கொண்டு எண்ணினார்கள். பத்தாவது எண்ணை எல்லோரையும்விட உரக்கச் சொன்னது விஜயம். அவளுக்கு இரண்டு துண்டு கொடுத்தேன். அவள் வாயில் கற்கண்டு உருளுவதைப் பார்த்தபோது பெற்ற பிள்ளையைப் பார்ப்பது போலிருந்தது எனக்கு.

ஓண லீவு முடிந்து எலிசாள் திரும்பி வந்தாள். கக்கத்தில் கட்டை. தையல் வகுப்பு கிடையாது. ஸ்டாஃப் ரூமில் சும்மா உட்கார்ந்திருக்கலாம் என்று ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா சொல்லியிருந்தார். எலிசாள் என்னைவிட எட்டு வயது மூத்தவள். முன்பெல்லாம் பாறசாலைச் சந்தையில் நடந்த கதை ஒவ்வொன்றையும் நடித்துக் காட்டி எங்களைச் சிரிக்கவைப்பாள். இப்போது மணி அடித்தால் இரண்டு காதையும் பொத்திக்கொள்வாள். மற்ற நேரமெல்லாம் மேஜையைத் துடைப்பாள். வெறும் கையால், முன்னும் பின்னும். சுத்தமான மேஜை. துடைத்துவிட்டு உள்ளங்கையைத் திருப்பிப் பார்ப்பாள். மறுபடியும் துடைப்பாள். பார்த்துக்கொண்டிருந்தால் நமக்கே என்னவோ போலிருக்கும்.

“வடிவு டீச்சரே” என்றாள் ஒருநாள். “அண்ணைக்கி அது விழுகுறதுக்கு முன்னால...”

“விடுங்க அக்கா. பேசப் பேச மனசுல வந்துட்டே இருக்கும்.”

“இல்ல, நான் சொல்லுகது...”

“அம்மா என்ன சொல்லியிருக்காங்க? நீங்க நல்லா ஆகணும்லா?”

மூன்று தடவை அவள் வாயைத் திறந்தாள். மூன்று தடவையும் நான் மூடினேன். கோபித்து அல்ல, கையைப் பிடித்துக்கொண்டு அன்பாகத்தான் மூடினேன். நாலாவது தடவை அவள் முயற்சி செய்யவில்லை. கை மட்டும் மேஜைமேல் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது.

ஐப்பசி பிறந்தது. மத்தியானம் ஆனால் கிழக்கே மலைப்பக்கம் கறுத்துவிடும், இடியோடு மழை. அந்த வாரம் வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் வருவதாக இருந்தது. வியாழக்கிழமை காலை என் மேஜைமேல் பொடி விழுந்து கிடந்ததைப் பார்த்து நெல்லையப்பனைப் பிடித்துக்கொண்டேன்.

“டஸ்டர வெளிய கொண்டுபோயித் தட்டணும்னு எத்தன தடவ சொல்லணும்? பாரு, சாக்குப்பொடி.”

“நான் தட்டல்ல ஸாரே. அது தன்னால விழுகு.”

“தன்னால விழ இதென்ன பழனியாண்டவர் திருநீறா? தொட.”

துடைத்தான். வெள்ளிக்கிழமை காலையும் கிடந்தது. அவனைக் கூப்பிடாமல் நானே முந்தானையால் துடைத்தேன்.

இன்ஸ்பெக்டர் மலையாளி. நல்ல உயரம், மடித்த அங்கவஸ்திரம். அம்மா அவரிடம் எங்கள் முறையைச் சொல்ல, அவரே மணியடிக்கச் சொன்னார். முப்பத்தியேழு பிள்ளைகள், மூடிய கண், பெஞ்சுமேல் கை, நிதானமான ஒரே குரல். பத்து முடிந்து நான் “சபாஷ்” என்றதும் கண் திறந்து அவரைப் பார்த்து வணக்கம் சொன்னார்கள். “கொள்ளாம், வளரெ கொள்ளாம்!” என்று அவர் கை தட்டினார். மற்றப் பள்ளிகளும் பின்பற்ற வேண்டிய முறை என்று எழுதினார். அம்மா என் தோளைத் தட்டிக் கொடுத்தார். அந்த இடது தோளைத்தான்.

திங்கட்கிழமை விடியலிலிருந்தே மழை. சோற்றுமணி கழிந்து மத்தியான ஹாஜர் எடுக்கப் புத்தகத்தைத் திறந்தேன். பக்கத்தின்மேல் பொடி. கையால் தள்ளிவிட்டுக் கூப்பிட ஆரம்பித்தேன். “பதினாலு.” “ஹாஜர் ஸாரே” என்று கணீரென்று சொன்னாள் விஜயம். பக்கத்தைத் திருப்பினேன். அதற்குள் அந்தப் பக்கத்திலும் பொடி இருந்தது. அன்று காலையிலிருந்து நான் சாக்பீஸைத் தொடவே இல்லை. இது வெள்ளையாகவும் இல்லை, தவிட்டு நிறம். துடைத்தேன். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தேன். மறுபடியும் துடைத்தேன். என் கை முன்னும் பின்னும் போவதை நானே பார்த்தேன். அது எலிசாளின் கை.

அப்போதே பிள்ளைகளை வெளியே கூட்டிப் போயிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? மூன்று நாளைக்கு முன்னால் இன்ஸ்பெக்டர் புகழ்ந்துவிட்டுப் போன வகுப்பை மழையில் கொண்டுபோய் நிறுத்தினால் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்று நினைத்தேன். அந்த ஒரு நினைப்புக்காக என்னை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. பலகையில் ஒரு கணக்கை எழுதிப்போட்டு, “விஜயம், பாத்துக்கோ, இப்ப வாறேன்” என்று சொல்லிவிட்டு, முற்றத்தைத் தாண்டி ஸ்டாஃப் ரூமுக்கு ஓடினேன்.

எலிசாள் தனியாக உட்கார்ந்து மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் அவள் முன்னால் என் உள்ளங்கையை விரித்துக் காட்டினேன்.

“அக்கா, அண்ணைக்கி என்ன சொல்ல வந்தீங்க?”

அவள் என் கையைப் பார்த்தாள். மேஜை துடைக்கிற கை நின்றது.

“இதுதான். இதேதான். பிள்ளைக தைக்குற துணி மேல விழுந்துட்டே இருந்துது. நான் தொடச்சுத் தொடச்சு விட்டேன். உளுத்த மரம் பொடி உதுக்கும்னு எனக்குத் தெரியாதா? தெரியும். கூரை விழும்னு தோணல்ல.”

“எத்தன நாளு விழுந்துது?”

“நாலு நாளு. கடைசி நாளு ரொம்ப. எடுக்க எடுக்க விழுந்துது. உங்களுக்கு எத்தன நாளா?”

வியாழன். வெள்ளி. சனி, ஞாயிறு பூட்டிக் கிடந்தது. இன்று திங்கள்.

“மணிய அடிங்க அக்கா!” என்று கத்திவிட்டு ஓடினேன். ஹால் முற்றத்துக்கு அந்தக் கோடியில் இருந்தது; மணி இந்தக் கோடியில். மணி எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும் என்று புத்தி சொன்னது. காதைப் பொத்திக்கொள்கிற அந்த எலிசாள், கட்டையைப் போட்டுவிட்டு நொண்டிக்கொண்டே போய் இரும்புக்கம்பியை எடுத்து, மழையில் நின்று, பலங்கொண்ட மட்டும் அடித்தாள். அந்தத் தைரியத்துக்கு என்ன கூலி கிடைத்தது என்றால், ஹாலுக்குள்ளிருந்து சீராக ஒரு குரல் எழுந்தது.

“ஒண்ணு...”

முற்றத்து நடுவில் என் கால் நின்றுவிட்டது. பிறகு ஓடினேன்.

“ரெண்டு...”

வாசலை எட்டிப் பிடித்து, “ஓடுங்க, எல்லாரும் வெளிய ஓடுங்க!” என்று கத்தினேன். கதவைத் தட்டினேன். வார்த்தைக்கு வார்த்தை ஆவணியில் கத்திய அதே கத்தல். முப்பத்தியேழு முகத்திலும் மூடிய கண். உதட்டில் அந்த அடக்கிய சிரிப்பு. ஸார் சோதிக்கிறார். நாம் ஏமாறமாட்டோம். முதல் பெஞ்சுக்காரியைப் பிடித்து இழுத்தேன். அவள் பெஞ்சை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“மூணு...”

மேலே பார்த்தேன். நாலு மாதத்தில் முதல் தடவையாக. நடு உத்தரம் சுவரில் ஏறுகிற இடத்தில் ஒரு கை அகலத்துக்கு இறங்கியிருந்தது. பொடி நூலாக ஒழுகிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தமும் கேட்டது, மூன்று மாதமாக விஜயம் கேட்டுக்கொண்டிருந்த அந்தக் கறுமுறு.

“ஜெயபாய்!” என்றேன்.

எண்ணுகிற குரல் தடுமாறியது. சில கண்கள் திறந்தன. அந்தப் பெயரை அந்தச் சுவர்களுக்குள் யாரும் சொல்லி நாலு மாதமாகியிருந்தது.

“ஜெயபாய் செத்துப்போனா மக்களே. கூரை விழுந்து செத்துப்போனா. இந்தக் கூரையும் விழப்போகு. நீங்க பேடிச்சதுதான் சரி, நான் சொன்னது தப்பு. எனக்குப் பேடியா இருக்கு. பாருங்க, எனக்கே பேடியா இருக்கு!”

நான் அழுதுகொண்டிருந்தேன். அவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். அது போதுமாயிருந்தது. ஜன்னல், வாசல், எங்கே வழியோ அங்கே பாய்ந்தார்கள். ஒருவர்மேல் ஒருவர் விழுந்து, சிலேட்டை மிதித்து, திறந்த நாளில் ஓடிய அதே ஓட்டம். அந்த ஓட்டத்தை நிறுத்தத்தான் நான் அவ்வளவு பாடுபட்டிருந்தேன்.

ஹால் காலியான பிறகும் எண்ணிக்கை நிற்கவில்லை, மெதுவாகத் தொடர்ந்தது. ஒரே குரல்.

“ஆறு...”

உத்தரத்துக்கு நேர் கீழே, காதில் விரலை அடைத்து, கண்ணை இறுக்கி மூடி, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள் விஜயம். நான் கொடுத்த சலுகை. பெஞ்சுகளைத் தாண்டி ஓடினேன். “ஏழு” என்று அவள் மூச்சு எடுத்தபோது தூக்கினேன். “எட்டு” என்று அவள் என் கழுத்தருகில் சொல்லும்போது மேலே ஏதோ முறிந்தது. வாசலுக்கு இரண்டு அடி இருக்கையில் என் இடது தோளில் மரம் இறங்கியது. வாசலுக்கு வெளியே போய் விழுந்தேன், அவளை அடியில் போட்டுக்கொண்டு. பின்னால் ஓடு சரிந்துகொண்டே இருந்தது, நிற்கவே நிற்காது என்பதுபோல.

பிறகு மழைச்சத்தம் மட்டும். எலிசாள் மணியை விட்டுவிட்டு நனைந்துகொண்டே பிள்ளைகளின் தலையை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். “முப்பத்தியாறு” என்று அலறினாள். நான் புரண்டு விலகினேன்.

விஜயம் தவிட்டுநிறப் பொடி அப்பிய முகத்தோடு மல்லாந்து கிடந்தாள். ஒரு கீறல் இல்லை. காதிலிருந்து விரலை எடுக்கவில்லை. கண்ணைத் திறக்கவும் இல்லை.

“ஒம்பது...” என்றாள், விட்ட இடத்திலிருந்து. ஒரு மூச்சு விட்டாள். “பத்து.”

நான் “சபாஷ்” சொல்லும்வரை கண்ணைத் திறக்கக் கூடாதே. மூடிய கண்ணோடு, மழையில், கற்கண்டுக்காக என் பக்கம் கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தாள்.